ஒட்டுக்கேட்பதற்கென்றே ஒரு ரயில்

கேள்வி: வேலையில் இருந்த காலத்தில் மதிய இடைவேளை முழுக்க ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ விளையாடியவன் நான். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் இன்னொரு கேம் என்று சொல்லி, என் மகள் ‘தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்’ஸை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். ரயிலுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. திடீரென்று ஆட்டம் முடிந்துவிடுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: தவறே இல்லை சார். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ பழகிய கை எதையாவது தாண்டத் துடிக்கும். இங்கே வேலை காதுக்குத்தான்.

1914 ஜூலை 24, மாலை. பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) கிளம்பிய ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் ஓடிவந்து தொற்றிக்கொள்கிறார் ராபர்ட் கேத் என்ற அமெரிக்க டாக்டர். அவர்தான் நீங்கள். நண்பர் டைலர் விட்னியின் அறையைத் திறந்தால் அவர் கொலையாகிக் கிடக்கிறார். உங்கள் கோட்டில் ரத்தம் பட்டுவிட, நண்பரின் கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் பெயரிலேயே பயணத்தைத் தொடர்கிறீர்கள். இதுவரை வந்திருப்பீர்கள். இதற்கு அப்புறம்தான் நானும் முதல் தடவை திணறினேன்.

மற்ற அட்வென்ச்சர் கேம்களில் நாம் பக்கத்தில் போய் நிற்கும்வரை எல்லோரும் சிலைபோல் காத்திருப்பார்கள். இந்த ரயிலில் யாரும் காத்திருப்பதில்லை. ஆட்டத்தின் கடிகாரம் நிஜ நேரத்தைவிட சுமார் 6 மடங்கு வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் அறையில் ஒரு பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, உணவுப் பெட்டியில் இரண்டு பேர் முக்கியமான ஒன்றைப் பேசி முடித்து எழுந்து போயிருப்பார்கள்.

அதனால் நாளை இப்படிச் செய்து பாருங்கள். உணவுப் பெட்டிக்குப் போய் ஒரு மேஜையில் உட்காருங்கள். மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். நான் அப்படி உட்கார்ந்த அன்றுதான் இந்த கேம் எனக்குத் திறந்தது. ஆயுத வியாபாரம் செய்யும் ஜெர்மானியர் ஆகஸ்ட் ஷ்மிட், வயதான ரஷ்யப் பிரபு, அவர் பேத்தி தத்தியானா என்று ஒவ்வொருவரின் பேச்சும் துண்டு துண்டாகக் காதில் விழும். ஆஸ்திரியா செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது ஜூலை 23. போர் அறிவித்தது 28. இடையில்தான் இந்தப் பயணம். முதல் உலகப் போர் வரப்போகிறது என்று நமக்குத் தெரியும், அந்த மேஜைகளில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சாதாரணமாக எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நடுவில் ஒரு கச்சேரி வரும். ஆன்னா வோல்ஃப் என்ற ஆஸ்திரியப் பெண் வயலின் வாசிப்பார். முதல் தடவை நான் அசையாமல் கடைசிவரை கேட்டேன். அவ்வளவு பேரும் அங்கே கூடியிருப்பதால் மற்ற அறைகள் காலியாக இருக்கும், எழுந்து போய்ப் பார்க்கலாம் என்பது பிற்பாடுதான் உறைத்தது. ஆனாலும் கேட்டதற்காக வருத்தமில்லை. நீங்களும் ஒருமுறை முழுசாகக் கேளுங்கள்.

ஆட்டம் முடிந்தால் பயப்படாதீர்கள். சேவ் செய்ய பட்டன் தேட வேண்டாம். கடிகார முள்ளைப் பின்னால் திருப்பி, விட்ட இடத்துக்கே போகலாம். இணையத்தில் விடையைப் பார்த்து விளையாடுவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். பாதி ரயிலைப் பார்க்காமலேயே இறங்கிவிடுவீர்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல கேம் என்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நேரம்தான். 1997-ல் வெளியாகும் சமயத்தில், வெளியிட்ட நிறுவனத்தின் விளம்பரப் பிரிவினர் கூண்டோடு விலகிவிட்டார்கள். சொல்ல ஆளில்லாமல் கடைக்கு வந்தது. பல வருட உழைப்புக்கும் செலவுக்கும் ஈடான விற்பனை இல்லை. நடிகர்களைப் படம்பிடித்து, அந்தப் படங்களிலிருந்து கோட்டோவியங்களாக்கி, ஒவ்வொரு முகத்தையும் அந்தக் காலத்துச் சுவரொட்டி போல ஆக்கியிருப்பார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஆதங்கம்தான். 2012-ல் ஐபோனுக்கும் வந்தது, அதில் புதிதாகச் சிலர் கண்டுகொண்டார்கள்.

கேள்வி: பாத்திரங்கள் பல மொழிகளில் பேசுகிறார்களாமே? எனக்கு ஆங்கிலமே சுமார்தான்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், செர்பியன், அரபு எல்லாம் உண்டு. கேத்துக்குத் தெரிந்த மொழி என்றால் கீழே ஆங்கில வரி வரும், தெரியாததென்றால் வராது. அப்போது குரலை வைத்துத்தான் கோபமா, பயமா என்று புரிந்துகொள்ள வேண்டும். அது நம் எல்லோருக்கும் முடியும். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.