ஆல்ஃபாவா, போர்ஷேயா? முதலில் விற்பவரைப் பாருங்கள்

கேள்வி: ஸ்டுட்கார்ட் அருகே மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். வார இறுதியில் ஓட்டுவதற்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசை. 20,000 யூரோ வரை ஒதுக்கியிருக்கிறேன். 1991-ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஒன்றையும், 1988-ஆம் ஆண்டு போர்ஷே 944 ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே வியாபாரியிடம் இருக்கின்றன. மனம் இத்தாலியக் காரின் பக்கம் போகிறது. நண்பர்களோ, “அது சாலையில் ஓடுவதைவிட ஒர்க்ஷாப்பில் நிற்பதுதான் அதிகம்; பேசாமல் ஜெர்மன் காரை வாங்கு” என்கிறார்கள். எது சரி?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பேச்சு. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. 1970-களின் இத்தாலியக் கார்கள் துருப்பிடித்த வேகம் ஐரோப்பா முழுவதும் கேலிப்பொருளானது. ஆல்ஃபாசூட் ஓட்டுவதற்கு அருமையான சிறு கார்; சில குளிர்காலங்களிலேயே அதன் தகரத்தில் பொத்தல் விழுந்தது. லான்சியா பீட்டாவில் இன்ஜினைத் தாங்கும் சட்டமே துருவேறிப் பலவீனமாகி, 1980-இல் பிரிட்டனில் நிறுவனமே பல கார்களை வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கெட்ட பெயர் தகரத்தோடு நிற்கவில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் என்று எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் ஸ்பைடரின் இன்ஜின் கெட்டியான சரக்கு. முழுக்க அலுமினியம், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டை கேம்ஷாஃப்ட், அவற்றைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றிக்கொண்டு, குளிர்ந்த இன்ஜினை விரட்டாமல் ஓட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் 1991 மாடலில் எரிபொருளையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்துவது பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் கருவி. அதாவது, உங்கள் நண்பர்கள் பயப்படும் ‘இத்தாலிய எலெக்ட்ரிக்’ வேலையின் மூளை, நீங்கள் குடியிருக்கும் ஊர்ப்பக்கத்து நிறுவனத்தினுடையது. இந்த வண்டிகளில் விளக்கு எரியாமல் போவதும் மீட்டர் முள் ஆடுவதும் பெரும்பாலும் எர்த் இணைப்புகளில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பால்தான். அரை நாள் உட்கார்ந்து தேய்த்துச் சுத்தம் செய்தால் தீரும்.

இனி ஜெர்மன் பக்கம். 944-இன் உடல் துத்தநாகத்தில் முக்கியெடுத்த தகரம். துருவை எதிர்ப்பதில் ஸ்பைடர் அதன் அருகில் வர முடியாது. ஆனால் அந்த இன்ஜினில் இரண்டு பெல்ட்டுகள் ஓடுகின்றன. ஒன்று கேம்ஷாஃப்டுக்கு, மற்றொன்று அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கு. முதல் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். இன்ஜினைத் திறக்காமல் தப்ப வழியில்லை. காரை எவ்வளவு குறைவாக ஓட்டியிருந்தாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்து பின்னால் இருப்பதால் கிளட்ச் மாற்றுவதும் பெரிய வேலை. சைலென்சரிலிருந்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நடுக்குழாய் வரை எல்லாவற்றையும் இறக்க வேண்டும். வாங்கும்போது 944 மலிவாகத் தெரியும். உதிரிபாக பில்லில் மட்டும் போர்ஷே என்ற பெயர் தவறாமல் இருக்கும். ஸ்பைடருக்கோ 1966 முதல் 1993 வரை ஏறத்தாழ ஒரே அடிப்படையில் வண்டி வந்ததால், பாகங்கள் தாராளமாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன. ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பல வீடுகளில் இத்தாலியக் கார்தான் சிக்கனமானது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஜெர்மன் என்றாலே உறுதி என்று இன்னும் தோன்றினால், 1970-களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் போர்ஷே 911-இன் மெக்னீசியம் இன்ஜின் கூட்டைப் பற்றி எந்த மெக்கானிக்கிடமாவது கேளுங்கள். சிலிண்டர்களை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் அதில் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். 1990-களின் தொடக்க, நடுப்பகுதி மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில் இன்ஜின் வயரிங்கின் மேலுறை தானாகவே பொடிந்து உதிர்ந்தது. கார் எந்த நாட்டில் பிறந்தது என்பதை வைத்துக் கொண்டு எதையும் கணிக்க முடியாது. எந்த மாடல், எந்த ஆண்டு, யார் வைத்திருந்தார்கள் என்பதே கணக்கு.

சரி, ஓட்டும்போது என்ன வேறுபாடு? ஸ்பைடர் 120 குதிரைத்திறன் வண்டி. பின்பக்கம் பழைய பாணி ஒற்றை அச்சு. மோசமான சாலையில் உடல் முறுகுவது ஸ்டியரிங்கில் தெரியும். கையை நீட்டி, காலை மடக்கி உட்கார வேண்டும். கியர் தண்டு நடுப் பலகையிலிருந்து சாய்வாக உங்களை நோக்கி நீண்டிருக்கும். பினின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்த அந்த உருவத்தில் கூரையை மடக்கிவிட்டு மணிக்கு 70 கிலோமீட்டரில் போனாலே, ஏதோ பெரிய சாகசம் செய்வது போல் இருக்கும். இத்தாலியப் பழைய கார்களின் கவர்ச்சியே இதுதான்: மெதுவாகப் போகும்போதும் காது, கை, மூக்கு மூன்றுக்கும் வேலை கொடுக்கும். 944 அப்படியல்ல. முன்னால் இன்ஜின், பின்னால் கியர்பாக்ஸ் என்று எடை ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருப்பதால், வளைவுகளில் அது காட்டும் நிதானத்துக்கு இன்றைய கார்கள் பல ஈடாகா. ஆனால் அதன் முழு அருமை 120-ஐத் தாண்டிய பிறகுதான் விளங்கும். ஊருக்குள் அது வெறும் ஒரு நல்ல கார், அவ்வளவே.

பேடன்-பேடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் போகும் பி500 மலைச்சாலை உங்களுக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அதில் ஓட்டத்தான் கார் என்றால், தயக்கமே வேண்டாம், ஆல்ஃபாவை வாங்குங்கள். மாதம் இருமுறை ஏ8 நெடுஞ்சாலையில் மியூனிக் போய்வருவீர்கள் என்றால் 944. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி: “இரண்டும் ஒரே வியாபாரியிடம் இருக்கின்றன.” விளம்பரத்தை மறுபடி படியுங்கள். ‘வாடிக்கையாளர் சார்பில் விற்பனை’ என்று எங்காவது சிறிய எழுத்தில் இருக்கிறதா? ஜெர்மனியில் பழைய கார் வியாபாரி ஒருவர் தனிநபருக்கு விற்றால், மறைந்த குறைகளுக்கு அவர் பொறுப்பு. பழைய பொருள் என்பதால் அந்தப் பொறுப்பை ஓராண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். அறவே கழற்றிவிட முடியாது. 2022 ஜனவரி முதல், 12 மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பாடு. தனிநபர் விற்றால் இந்தப் பொறுப்பு எதையும் ஏற்காமல் ஒப்பந்தம் எழுதிவிடலாம். இப்போது புரிகிறதா? தன் சொந்தப் பணத்தில் வாங்கி நிறுத்திய காரை, யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியருக்காக விற்பதாகக் காகிதம் தயாரிக்கிறார்கள். உரிமையாளரை நீங்கள் ஒருநாளும் பார்க்க முடியாது. பணம் மட்டும் வியாபாரியின் கணக்குக்குப் போகும். இதற்கு ஒரு தம்பியும் உண்டு: நன்றாக ஓடும் காரை 18,000 யூரோவுக்கு விற்றுவிட்டு, ஒப்பந்தத்தில் ‘பழுதுபார்த்து விளையாடுவோருக்கான வண்டி’ என்று எழுதி, குறைகளுக்கான பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்றால், தடுக்கிறது. ஆதாயமும் நட்டமும் வியாபாரியுடையதுதான் என்று காட்டிவிட்டால் அந்த வேடம் செல்லாது. ஆனால் அதைக் காட்ட வழக்கறிஞர் வேண்டும், நிபுணர் அறிக்கை வேண்டும், அதுவரை பிரித்துப் போட்ட காரை நிறுத்த இடம் வேண்டும். வாகனப் பதிவு அலுவலகத்தில் உங்கள் காரின் சேஸிஸ் எண்ணில் ஓர் எழுத்து மங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே வியாபாரி மாதாமாதம் ‘வாடிக்கையாளர் சார்பில்’ விற்றுக்கொண்டிருப்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் கடையின் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

‘நிலை 2’ என்று சான்று காட்டுவார்கள். பழைய கார்களை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும் முறை அது. அந்தச் சான்றுகளில் பெரும்பாலானவை காப்பீட்டு நிறுவனத்துக்காக எடுக்கப்படும் குறுமதிப்பீடுகள். காரைச் சுற்றி வந்து, சில படங்கள் எடுத்து, மதிப்பு எழுதுவதோடு சரி. லிஃப்டில் ஏற்றாமலே எழுதப்பட்ட சான்றுகளை என் மேசையில் நிறையப் பார்க்கிறேன். விற்பவர் பணம் கொடுத்து வாங்கிய தரம் விற்பவருக்கே உதவும். ‘புதிய ட்யூஃப்’, அதாவது கட்டாய வாகனச் சோதனையில் அண்மையில் தேறியது, என்பதும் இதே கதை. அந்தச் சோதனை பிரேக், விளக்கு, புகை, ஓட்டுவதற்கான பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்க்கிறது. பெல்ட்டின் வயதையோ கியர்பாக்ஸின் தேய்மானத்தையோ பார்ப்பது அதன் வேலையே அல்ல.

‘தெற்கு இத்தாலியிலிருந்து வந்த வண்டி, துருவே இல்லை’ என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவதில்லை, உண்மை. கடற்காற்று இருக்கிறது. பட்டி பூசி மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துத் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. அடிப்பகுதியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் அது அழகுக்காக அல்ல. புடவைக் கிழிசலை மடிப்பில் மறைப்பது போன்ற வேலை.

வியாபாரி நிச்சயம் பழம்பெரும் கார்களுக்கான எச் எண் பலகையைப் பற்றிப் பேசுவார், அதனால் அதையும் விளக்கிவிடுகிறேன். 30 ஆண்டு கடந்து, நல்ல நிலையில், பெரும்பாலும் அசலாக உள்ள காருக்கு அது கிடைக்கும். இன்ஜின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டு வரி ஏறத்தாழ 192 யூரோதான். புகை அதிகம் விடும் கார்களை அனுமதிக்காத நகரச் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் புகைத் தர ஸ்டிக்கர் இல்லாமல் போகலாம். 944-க்கு இது பெரும்பாலும் லாபம். ஆனால் உங்கள் ஸ்பைடர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அது 2 லிட்டர் வண்டி, கேட்டலிடிக் கன்வர்ட்டர் பொருத்தியது. முந்தைய உரிமையாளர் யாராவது கூடுதல் கருவி வைத்து அதை யூரோ 2 என்ற புகைத் தரத்துக்கு உயர்த்திப் பதிவுசெய்திருந்தால், 100 கன சென்டிமீட்டருக்கு 7.36 யூரோ வீதம் சாதாரண வரியே சுமார் 147 யூரோதான் ஆகும். பச்சை ஸ்டிக்கரும் கிடைக்கும். அப்படியானால் எச் பலகை உங்களுக்கு நட்டம். அதற்கான ஆய்வுக் கட்டணம் வேறு தண்டம். யூரோ 1 என்றே பதிவாகியிருந்தால் வரி 300 யூரோவைத் தாண்டும்; அப்போது எச் பலகை சரி. எனவே வாகனப் பதிவுப் பத்திரத்தில் புகைத் தரம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், வியாபாரியின் வாய்ச்சொல்லைப் பார்க்காதீர்கள். பழைய கார்களுக்கான மலிவுக் காப்பீட்டுக்கு எச் பலகை கட்டாயம் என்பதும் பொய். எல்லா நிறுவனங்களும் கேட்பதில்லை. அவர்கள் பொதுவாகக் கேட்பது, அன்றாடத்துக்கு வேறொரு கார் உங்கள் பெயரிலோ குடும்பத்திலோ இருக்கிறதா என்பதை. நீங்கள் ரயிலில் வேலைக்குப் போகிறவர் என்றால், காரை வாங்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் இதைப் பேசி முடியுங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். “இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்பைடர் குளிர்ந்த நிலையில் டீசல் வண்டி போலக் கடகடத்தால், கேம்ஷாஃப்டில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியேட்டர் தேய்ந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். இரண்டாம் கியருக்கு மாற்றும்போது கரகரத்தால், கியர்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ போய்விட்டது. இந்த கியர்பாக்ஸின் பிறவிக் குறை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், கால் வைக்கும் தரை, ஸ்டெப்னி உட்காரும் குழி ஆகியவற்றைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. 944-இலும் கதவின் கீழ்ப்பகுதியை விட்டுவிடாதீர்கள்; துத்தநாகப் பூச்சுக்கும் வயதாகும்.

944-க்கு இன்னொரு கேள்வி மட்டும்: பெல்ட்டுகள், அவற்றை இறுக்கிவைக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மாற்றிய ரசீது எங்கே? தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்க வேண்டும். “போன வருஷம்தான் மாற்றினோம், ரசீது எங்கேயோ இருக்கிறது” என்றால் மாற்றவில்லை என்று பொருள். அப்போது ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சம்மதித்தால், லாரியில் ஏற்றி உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.