இரண்டாகத் தெரியாத இரட்டை

கேள்வி: வானத்தில் இரட்டை விண்மீன்கள் ஏராளம் என்கிறார்கள். டெலஸ்கோப் இல்லாமல் ஒன்றையாவது பார்க்க முடியுமா? எனக்கு எல்லாமே ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரிகின்றன.

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. என்னைக் கேட்டால், இரண்டு புள்ளி தேடுவதை விட்டுவிட்டு அல்கால் என்ற விண்மீனைப் பாருங்கள் என்பேன். பெர்சியஸ் விண்மீன்குழுவில் இருக்கிறது. சுமார் 90 ஒளியாண்டு தொலைவு. அங்கே சுற்றிவரும் இரு விண்மீன்களுக்கு நடுவே ஒரு கோடி கிலோமீட்டர்கூட இல்லை. அவற்றைச் சாதாரண டெலஸ்கோப்பாலும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது வெளிச்சம் குறைகிறதே, அதற்கு வெறுங்கண் போதும்.

2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மெல்ல மங்கி, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, அதே அளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். 18 வயதில் இதைக் கவனிக்கத் தொடங்கியவர் இங்கிலாந்தின் ஜான் குட்ரிக். அவருக்குக் காது கேட்காது. ஏதோ ஒன்று குறுக்கே வந்து மறைக்கிறது என்று 1783-லேயே காரணம் சொன்னார். 21 வயதில் இறந்துபோனார். 1889-ல் விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை ஆய்வுதான் அவர் ஊகத்தை உறுதி செய்தது.

கேள்வி: அப்படியானால் மறைப்பது சின்ன விண்மீனா?

பதில்: அதுதான் வேடிக்கை. மறைப்பது மங்கலானது, எடையும் குறைவு. ஆனால் உருவத்தில் அதுவே பெரிது. எடை கூடிய விண்மீன்தான் சீக்கிரம் முதுமையடைந்து உப்பும். இங்கே உப்பியிருப்பதோ எடை குறைந்தது! ஒரு காலத்தில் அதுதான் கனமானதாக இருந்தது. உப்பியபோது தன் பொருளில் பெரும்பகுதியைத் துணைக்கு இழந்துவிட்டது என்பதே விளக்கம்.

கேள்வி: எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நவம்பர், டிசம்பர் முன்னிரவுகளில் காசியோப்பியா விண்மீன்குழுவுக்குப் பக்கத்தில், பெர்சியஸின் மிகப் பிரகாசமான விண்மீனான மிர்ஃபாக்கைப் பிடியுங்கள். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முஷ்டியின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தள்ளி அல்கால். அதன் வெளிச்சத்தைப் பக்கத்து ஆண்ட்ரோமெடா குழுவிலுள்ள அல்மாக் விண்மீனோடு ஒப்பிடுங்கள். சாதாரண நாளில் இரண்டும் சமமாகத்தான் இருக்கும். மறைப்பின்போது அல்கால் நன்றாகவே தோற்றுவிடும். பக்கத்திலுள்ள ரோ பெர்சி விண்மீனை மட்டும் அளவுகோலாக எடுக்காதீர்கள், அதன் வெளிச்சமும் மாறக்கூடியது.

அப்புறம், நேரக் கணக்கு: இன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மிகவும் மங்கலாக இருந்தால், மூன்றாம் நாள் இரவு 9.49-க்கு மறுபடி அப்படி இருக்கும். அடுத்தது மாலை ஆறரை வாக்கில். அதற்கப்புறம் வருபவை பகலில் போய்விடும், பத்து நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதுதான்.