மாதம் 11,000 வருகிறது, 20-ம் தேதிக்கு மேல் கையில் காசில்லை

கேள்வி: சிவகங்கை பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. இப்போது சென்னையில் பி.எஸ்சி. முதலாமாண்டு, வேளச்சேரியில் பிஜியில் தங்கியிருக்கிறேன். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், 5-ம் தேதி 11,000 ரூபாய் போட்டுவிடுவார். பிஜிக்கு 7,000, காலையும் இரவும் சாப்பாடு அதில் அடக்கம். காலேஜுக்கு ஷேர் ஆட்டோ. 20-ம் தேதிக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது, ரூம்மேட்டிடம் 3,000 கடன் வேறு. அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. லோன் ஆப்பில் 10,000 எடுக்கலாமா? ஒரு சீனியர், என் வங்கிக் கணக்கை அவருடைய நண்பருக்குக் கொஞ்ச நாள் கொடுத்தால் மாதம் 2,000 கிடைக்கும் என்கிறார். நான் ஊதாரியா?

பதில்: கணக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, கொடுக்கவே கொடுக்காதீர்கள். அடுத்தவர் கணக்குக்கு மாதம் 2,000 தர ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தை அதில் வரவழைத்து உடனே எடுத்துவிடத்தான். பணத்தைப் பறிகொடுத்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டதும் அது எந்தக் கணக்குக்குப் போனது என்றுதான் முதலில் தேடுவார்கள், அங்கே இருப்பது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் செல் நம்பர். கணக்கு முடங்கும், வேறு மாநில போலீஸிடமிருந்துகூட நோட்டீஸ் வரலாம், எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்று சொல்லித் தப்புவது லேசில் நடக்காது. ஏடிஎம் கார்டையோ சிம்மையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்குங்கள், நாளை கிளைக்கு நேரில் போய் எழுத்திலும் கொடுங்கள். வீட்டிலும் மறைக்க வேண்டாம்.

லோன் ஆப்பும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி ஆப் உங்கள் போனில் உள்ள கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடக் கூடாது, ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு வட்டி, கட்டணம் என்பதையும் கடன் தருவதற்கு முன்பே எழுத்தில் காட்டியாக வேண்டும். கான்டாக்ட் அனுமதி கேட்கிறதா, அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். சரி, ஒழுங்கான ஆப் என்றே வைத்துக்கொள்வோம், தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? அப்பா போடுகிற அதே 11,000-லிருந்துதானே. அப்புறம் 20-ம் தேதி காலியாவது 12-ம் தேதியே காலியாகும்.

ஊதாரியா என்று கேட்டிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஜி போக மீதி 4,000. மதியச் சாப்பாடு 60 ரூபாய் என்றாலே 24 நாளுக்கு 1,440. ஷேர் ஆட்டோ போக வர 50 ரூபாய் என்று வைத்தால் 1,200. ரீசார்ஜ் ஒரு 300 சொச்சம். 3,000 இங்கேயே போயிற்று. மிச்சமிருக்கும் ஆயிரத்தில்தான் சோப்பு, நாப்கின், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், காய்ச்சல் வந்தால் மாத்திரை எல்லாம். இதில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது? சென்னையில் என்ன செலவாகும் என்று தெரியாமல் ஊரில் உட்கார்ந்து முடிவு செய்த தொகை அது, பற்றாமல் போனது உங்கள் குற்றமில்லை.

அப்பாவிடம் போவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது இரண்டு உண்டு. ஒன்று, புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை, அதனால் பதிவு செய்யவில்லை என்று நினைக்கிறேன். காலேஜ் அலுவலகத்தில் இதற்கென்று பொறுப்பாளர் இருப்பார், ஆதார், மாற்றுச் சான்றிதழ், பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். (முடங்கிய கணக்கில் இந்தப் பணமும் மாட்டிக்கொள்ளும், அந்த சீனியருக்குப் பதில் சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.) இன்னொன்று, பஸ். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் காசு கிடையாது, இலவசம். அரை மணி முன்னால் கிளம்ப வேண்டியிருக்கும், காலையில் கூட்டமும் இருக்கும், உண்மைதான். ஆனாலும் ஆட்டோவுக்குப் போகிற 1,200-ல் பெரும்பகுதி மிஞ்சும். இருட்டிய பிறகு, தனியாக வரும் நாளில் மட்டும் ஆட்டோ பிடியுங்கள், அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அரசுப் பணம் வரத் தொடங்கியதும் முதல் மூன்று மாதத்துத் தொகையை அப்படியே ரூம்மேட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், கடன் தீர்ந்தது.

அப்பாவிடம் பேசத்தான் வேண்டும், ஆனால் வெறுங்கையோடு பேசாதீர்கள். மளிகைக் கடைக்காரர், பற்று வரவு நோட்டு அவருக்குப் புதிதில்லை. ஒரு மாதச் செலவை நாள்வாரியாக எழுதி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அப்புறம் போன் செய்யுங்கள். மெத்தை, பக்கெட், லேப் கோட்டு என்று முதல் வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்த செலவைத் தனியாக எழுதுங்கள், அதைச் சேர்த்துப் பார்த்தால் மாதா மாதம் இவ்வளவா என்று அவர் பயந்துவிடுவார். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும் செலவும் தனி, ரயிலில் 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், அந்த மாதத்துப் பணத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்து ஆம்னி பஸ் கட்டணம் அரை மாதச் செலவைத் தின்றுவிடும். அப்புறம், 5-ம் தேதி மொத்தமாகப் போடாமல் பிஜி வாடகையை மட்டும் அன்றைக்குப் போட்டுவிட்டு மீதியை வாரத்துக்கு 1,000 என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போடச் சொல்லுங்கள். தினமும் கல்லாவில் காசு புரளுகிற அவருக்கும் மாதத் தொடக்கத்தில் ஒரேயடியாக 11,000 புரட்டுவதைவிட இது சுலபமாகத்தான் இருக்கும்.