குழந்தைகளின் பேட்டன் நோய்: மரபணுவைத் தேடிய கதையும் உங்கள் கேள்விகளும்

6 வயது மகன் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே பார்க்கிறான். பள்ளியில் அடம் என்கிறார்கள்.

அடம் இல்லை. விழித்திரையின் நடுப்பகுதி பழுதானால், ஓரத்தில் மிச்சமிருக்கும் பார்வையால் உங்களைப் பார்க்கக் குழந்தை இப்படித்தான் கண்ணை உயர்த்தும். பார்வையையும் மூளையையும் படிப்படியாகப் பாதிக்கும் மரபு நோயான பேட்டன் நோய் பல குழந்தைகளிடம் இப்படித் தொடங்குகிறது. வேறு விழித்திரை நோய்களிலும் இது உண்டு. தாமதிக்காமல் விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காரணமே தெரியாத நோயின் மரபணுவை எப்படிப் பிடித்தார்கள்?

நோய் எந்தக் குரோமோசோமோடு சேர்ந்து இறங்குகிறது என்று பார்த்துத்தான். நோய் வந்த பிள்ளைகள், வராத பிள்ளைகள் எல்லோருடைய இரத்தத்திலும் ஆளுக்கு ஆள் மாறும் அடையாளங்களை ஒப்பிட்டார்கள். ஹேப்டோகுளோபின் என்ற இரத்தப் புரதத்தின் வகையோடு நோயும் சேர்ந்து வருவது 1989இல் தெரிந்தது. அந்தப் புரதத்தின் மரபணு இருப்பது 16ஆம் குரோமோசோமில். ஊர் தெரிந்துவிட்டது, வீட்டைக் கண்டுபிடிக்க மேலும் 6 ஆண்டுகள் ஆயின. பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி 1995இல் சி.எல்.என்.3 மரபணுவை அறிவித்தார்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் அதில் ஏறத்தாழ 1,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள அதே துண்டு விடுபட்டிருந்தது. தனித்தனியாகத் தேடியிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! இரத்தம் கொடுத்த அந்தக் குடும்பங்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். குழந்தைக்கு நோய் வந்ததற்கு வீட்டில் என்னை மட்டும் குறை சொல்கிறார்கள்.

அது அநியாயம். இந்த மரபணுவின் பழுதான பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். உறவுக்குள் மணந்தால், ஒரே தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த பிரதி இருவர் வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது, உண்மைதான். ஆனால் உறவே இல்லாத பெற்றோருக்கும் இப்படிப் பிறக்கிறார்கள். அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 சதவீதம். முன்கூட்டியே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

எக்ஸோம் பரிசோதனையில் ஒரே ஒரு பழுதுதான் தெரிந்தது. அப்படியானால் இந்த நோய் இல்லையா?

அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். எக்ஸோம், புரதத்துக்கான குறிப்புள்ள பகுதிகளை மட்டுமே படிக்கிறது. அமெரிக்காவில் ஒரு சிறுமிக்கு இதே நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த சி.எல்.என்.7 வகையில் ஒரு பழுதுதான் முதலில் கிடைத்தது. முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோதுதான், புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதிக்குள் நுழைந்திருந்த அந்நியத் துண்டு தெரிந்தது. அதற்கென்றே உருவாக்கிய மருந்தை 2018இல் அவளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் மருத்துவரிடம் முழுத் தொகுதிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். துண்டு விடுபட்டிருக்கிறதா என்று தனியாகப் பார்த்தார்களா என்பதையும் விசாரியுங்கள்.