சஸ்பெண்ட் செய்தும் பில் குறையவில்லையா?

வணக்கம். சிராங்கூன் சாலைக் கடையிலிருந்து விலகிய மூவரின் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுளின் கட்டண மின்னஞ்சல், கோப்புச் சேவை) கணக்குகளை சஸ்பெண்ட் செய்தும் பில் அப்படியே வருகிறது என்கிறீர்கள். அப்படித்தான் வரும். சஸ்பெண்ட் செய்தால் அவர்கள் உள்ளே நுழைய முடியாது, அவ்வளவுதான். காசு ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கை நீக்க வேண்டும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். நீக்கும்போது டிரைவ் கோப்புகளை யாருக்கு மாற்றுவது என்று கேட்கும். அதைக் கவனிக்காமல் 'சரி' தட்டிவிட்டு, தீபாவளி ஆர்டர் பட்டியலையே நான் ஒருமுறை தொலைத்தேன். நல்லவேளை, 20 நாளுக்குள் கணக்கை மீட்கலாம், மீட்டேன்.

அப்புறம், உங்களுடையது ஆண்டு ஒப்பந்தமா என்று பாருங்கள். ஆம் என்றால், புதுப்பிக்கும் நாள்வரை காசு கட்டும் உரிமங்களின் (ஆளுக்கு ஒன்று) எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. காலியானதைப் புதிதாகச் சேர்பவருக்குக் கொடுங்கள். ஆண்டு ஒப்பந்தம் இல்லாத 'ஃப்ளெக்சிபிள்' திட்டமென்றால் நீக்கியதுமே குறையும்.