சக்கையைக் கொட்டாதீர்கள்

சித்திரை வெயில் ஏறினாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஜூஸைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகவே மருந்து எழுதித் தர மாட்டேன். மிக்ஸி ஜாரில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று சொல்வேன்.

கே: மலச்சிக்கலுக்கு நல்லது என்று சொன்னதால் தவணையில் கோல்டு பிரஸ் ஜூஸர் வாங்கினேன். தினமும் காலையில் பப்பாளி, கொய்யா, அன்னாசி என்று மாற்றி மாற்றிப் பிழிந்து குடிக்கிறேன். முகம் தெளிந்திருக்கிறது என்று நாத்தனார் சொல்கிறாள். வயிறு மட்டும் பழையபடியேதான் இருக்கிறது. ஏன்?
– வாசகி, திருமங்கலம்

ப: உங்கள் மெஷினுக்கு இரண்டு வாய் இருக்கும். ஒன்றில் சாறு வரும், மற்றதில் சக்கை வரும். சாற்றைக் குடித்துவிடுகிறீர்கள், சக்கையை என்ன செய்கிறீர்கள்? குப்பைக் கூடைக்கோ ரோஜாச் செடிக்கோ போகிறது என்று நினைக்கிறேன். உங்கள் வயிற்றுக்கு வேண்டியது அந்தச் சக்கைதான் அம்மா. ரோஜாச் செடிக்கு மலச்சிக்கல் கிடையாது.

பழத்தில் இருக்கும் நார் இரண்டு வகை. கரையாத நார் மலத்துக்குப் பருமன் கொடுத்துக் குடலை நகர வைக்கும். பெக்டின் மாதிரியான கரையும் நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். பிழியும்போது முதல் வகை ஏறக்குறைய முழுவதும் சக்கையோடு போய்விடும், இரண்டாவதிலும் நிறைய அதோடுதான் தங்கும். 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாமல் நார் இருக்கிறது. நம் ஊரில் இவ்வளவு மலிவாக இவ்வளவு நார் தருகிற பழங்கள் குறைவு. அதைப் போய்ப் பிழிந்து, மிச்சத்தைக் கொட்டுகிறோம்.

மெஷினை விற்றுவிடச் சொல்லவில்லை. மாதுளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொய்யாவும் பப்பாளியும் அரைக்கிற பழங்கள், பிழிகிற பழங்கள் அல்ல.

கொய்யாவை இப்படிச் செய்யுங்கள். அழுத்தினால் லேசாக அமுங்குகிற, வாசம் வருகிற பழமாக எடுங்கள். துவர்க்கிற செங்காய் வேண்டாம், அது சிலருக்கு மலத்தை இன்னும் கட்டிவிடும். தோலைச் சீவாமல் கழுவி, இரண்டாக வெட்டி, நடுவில் இருக்கும் விதைப் பகுதியை ஸ்பூனால் தோண்டி எடுங்கள். அந்த விதைப் பகுதியை மட்டும் அரை டம்ளர் தண்ணீரோடு மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு இரண்டு திருப்பு திருப்புங்கள். விதை உடையக் கூடாது, சதை மட்டும் கழன்று வர வேண்டும். டீ வடிகட்டியை எடுக்காதீர்கள். கண் பெரிதாக உள்ள சல்லடையில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்தால் விதை மேலே நின்றுவிடும். இறங்கியதை மறுபடி ஜாரில் ஊற்றி, வெட்டி வைத்த சதையைத் தோலோடு போட்டு மைய அரையுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கெட்டியாகத்தான் இருக்கும், அப்படியே குடியுங்கள். சர்க்கரை போட்டால் எனக்கு எழுதாதீர்கள்.

பப்பாளி இன்னும் சுலபம். ஒரு கிண்ணம் துண்டுகள், அரை டம்ளர் தண்ணீர், அரை மூடி எலுமிச்சை, சின்ன இஞ்சித் துண்டு. கலந்ததும் நிறுத்திவிடுங்கள். மிக்ஸியை நிறைய நேரம் ஓட விட்டால் காற்று ஏறி நுரைத்துவிடும், அந்த நுரையைக் குடித்துவிட்டு ஏப்பம் வருகிறது என்று பழத்தைக் குறை சொல்வோம். விதையைச் சேர்த்து அரைக்காதீர்கள், காரமும் கசப்புமாக இருக்கும்.

இன்னொன்று. நார் அதிகமாகி, தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். கோடையில் தண்ணீர்ச் செம்பு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாக மலச்சிக்கல் தொடங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மிக்ஸியை மூடி வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கே: மட்டன் பிரியாணி சாப்பிட்டதும் ஒரு டம்ளர் அன்னாசி ஜூஸ் குடித்தால் கறி எல்லாம் கரைந்துவிடும், அதில் என்சைம் இருக்கிறது என்கிறான் என் தம்பி மகன். உண்மையா?
– வாசகர், மேலூர்

ப: பாதி உண்மை. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பெயின் என்று இரண்டு என்சைம்கள் உண்டு, இரண்டுமே புரதத்தை வெட்டும். இது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. முற்றிய ஆட்டுக்கறி வேகாமல் அடம்பிடித்தால் பப்பாளிக்காயில் ஒரு துண்டு போடுகிறோமே, அது பப்பெயின் செய்யும் வேலை. ஆனால் அது காயின் பாலில்தான் நிறைய இருக்கும். காய் பழுக்கப் பழுக்கக் குறைந்துகொண்டே வரும். கனிந்த பழத்தில் பெயருக்குத்தான் இருக்கும்.

அன்னாசி விஷயம் வேறு. பழுத்த பிறகும் புரோமெலைன் இருக்கும். நாக்கு எரிந்து கூசுகிறதே, அதில் அதற்கும் பங்கு உண்டு. சூடு பட்டால் இந்த என்சைம் செத்துப்போகும். அதனால் டப்பாவில் அடைத்து வரும் அன்னாசியில் இந்தப் பேச்சே இல்லை. வீட்டிலேயே பார்க்கலாம்: ஜெலட்டின் போட்டுச் செய்கிற ஜெல்லியில் சூடு படாத அன்னாசித் துண்டு போட்டால் உறையாது, ஜெலட்டின் புரதம் என்பதால் வெட்டிவிடும். நோன்புக் காலத்தில் செய்கிற கடல்பாசி உறைந்துவிடும், அதில் உறைவது புரதம் இல்லை.

சரி, கறிக்கு வருவோம். நம் இரைப்பையிலும் கணையத்திலும் புரதத்தை வெட்டுவதற்கு வேண்டிய என்சைம் ஏற்கெனவே தாராளமாகச் சுரக்கிறது. பிரியாணிக்குப் பிறகு வயிறு கல் மாதிரி இருப்பதற்குக் காரணம் என்சைம் பற்றாக்குறை இல்லை. நெய்யும் கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன, நாமும் அளவைத் தாண்டிவிட்டோம். நிரம்பிய வயிற்றில் இன்னொரு டம்ளரை ஊற்றினால் அது எங்கே போகும்? நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அன்னாசிப் புளிப்பு அதைக் கூட்டவும் கூட்டும். மதுரைக்கு வந்து சாப்பிட்டால், தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு வண்டியூர்த் தெப்பக்குளத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அன்னாசியை மறுநாள் பதினொரு மணிக்குத் துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிடலாம்.

கே: ஹாஸ்டலில் பப்பாளி மில்க் ஷேக் போட்டுக் குடிக்கிறோம். கொஞ்ச நேரம் வைத்தால் கசக்கிறது. குடித்தால் வயிறு உப்புகிறது. பப்பாளி ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

ப: கசப்புக்குப் பப்பாளிதான் காரணம், தம்பி. மிச்சமிருக்கும் பப்பெயின் பாலின் புரதத்தை வெட்டும்போது கசப்பான துணுக்குகள் உண்டாகும். அன்னாசியும் பாலும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

உப்புசத்துக்கு நான் பாலைத்தான் சந்தேகப்படுவேன். பால் சர்க்கரையைச் செரிக்கிற லாக்டேஸ் என்ற என்சைம் வளர்ந்த பிறகு நம் பக்கத்தில் பலருக்குக் குறைந்துவிடும். செரிக்காத அந்தச் சர்க்கரை பெருங்குடலில் நொதித்து வாயுவாகும். ஒரு வாரம் பாலில்லாமல் பப்பாளியை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். உப்புசம் போய்விட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் பால் சர்க்கரையில் ஒரு பங்கை உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன.

ஜிகர்தண்டாவைப் பற்றியும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதாம் பிசின் இருக்கிறதே என்று வாதாட வேண்டாம். சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரை, அதன் தலையில் ஐஸ்கிரீம். எனக்கு ரொம்பப் பிடிக்கும், வயிற்றுக்கு மருந்து என்று சொல்லிக் குடிப்பதில்லை.

கே: ஜூஸை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமா, சாப்பிட்ட பிறகா? சாப்பாட்டுக்கு மேல் பழம் போனால் வயிற்றில் அழுகிவிடுமாமே?
– வாசகி, பரவை

ப: இரைப்பையில் இருக்கிற அமிலத்தில் எதுவும் அழுகாது. உங்களுக்கு எப்போது சௌகரியமோ அப்போது குடியுங்கள். புளித்த ஏப்பம் வருகிறவர்கள் புளிப்பு ஜூஸை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம்.

கே: பேரனுக்குப் பத்து மாதம். கமலா ஆரஞ்சு சாறு கொடுக்கலாமா? வயிற்றோட்டம் வந்தால் மாதுளைச் சாறு கொடுக்கலாமா?
– வாசகி, சோழவந்தான்

ப: இரண்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் பழச்சாறே தேவையில்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2017-ல் சொன்ன வழிகாட்டுதல். ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. மலைவாழைப்பழத்தையோ பப்பாளியையோ மசித்து ஊட்டுங்கள், மென்று விழுங்கவும் பழகும்.

வயிற்றோட்டத்தின்போது ஜூஸின் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கைக் கூட்டிவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், கூட்டாமல் குறைக்காமல் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கே: காலையில் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த சாத்துக்குடி ஜூஸ் மாலையில் கசக்கிறது. பழம் மோசமா?
– வாசகி, விளாங்குடி

ப: பழத்தைத் திட்டாதீர்கள். சாத்துக்குடியின் விதையிலும் வெள்ளைத் தோலிலும் ருசியே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. சாற்றின் புளிப்பில் அது மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறும். மிக்ஸியில் விதையோடு அடித்தால் மாலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கையால் அளவாகப் பிழிந்து உடனே குடியுங்கள். ஆபீஸுக்கு என்றால் சுளையாக உரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள்.

கே: எனக்குச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிரஷர் மூன்றுக்கும் மாத்திரை. பம்பளிமாஸ் ஜூஸ் செரிமானத்துக்கு நல்லது என்று நண்பர் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குடிக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

ப: நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு மூட்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், ஐயா. பம்பளிமாஸும் அதன் சொந்தக்காரப் பழமான கிரேப் ஃப்ரூட்டும் சில மருந்துகள் உடலில் சிதைவதைத் தடுக்கும். சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளும் சில பிரஷர் மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வழக்கமான ஒரு மாத்திரையே ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிடும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஜூஸே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் போகும். அதில் இருப்பது ஏறக்குறைய நான்கு டீஸ்பூன் சர்க்கரை. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொன்ன சர்க்கரைக் கணக்கில் வீட்டில் பிழிந்த பழச்சாறும் சேர்த்திதான். முழுப் பழத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. டாக்டர் சொல்லும் அளவில் ஒரு கொய்யாவைக் கடித்துச் சாப்பிடுங்கள், பல் இடம் கொடுத்தால்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் நட்சத்திரப் பழத்தை உள்ளேயே விடாதீர்கள். அவர்களுக்கு அது மூளையைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. பொட்டாசியம் காரணமாக இளநீரும் மற்ற ஜூஸ்களும்கூட டாக்டரைக் கேட்டுத்தான்.

கே: மாம்பழ ஜூஸ் குடித்தால் எனக்குப் பேதியாகிறது. ‘சூடு’ என்கிறார் மாமியார். கார்பைடு போட்ட பழமோ?
– வாசகி, நத்தம்

ப: மாம்பழ ஊரான நத்தத்தில் இருந்துகொண்டு கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைத்த பழம் வாங்குவானேன்! 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடைத் தடை செய்துவிட்டன, எத்திலீன் வாயுவுக்குத்தான் அளவோடு அனுமதி. வீட்டில் காயை வாங்கி வைக்கோலில் வைத்துப் பழுக்க வைத்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் பேதிக்கு அளவு காரணமாக இருக்கலாம். மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம். அதைச் சிலருடைய சிறுகுடலால் மொத்தமாக உறிஞ்ச முடியாது. மிஞ்சியது கீழே போய்த் தண்ணீரை இழுக்கும், வாயுவாகும். பழமாகக் கடித்தால் ஒன்றோடு நிறுத்துவீர்கள், ஜூஸ் என்றால் மூன்று பழம் ஒரே மடக்கில் உள்ளே போய்விடுகிறது. ஒரு பழத்தை இரண்டு பேருக்காக மோரோடு அடித்துப் பாருங்கள். மாமியார் பழத்தைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னால் கேளுங்கள். காம்பிலிருந்து வடிந்த பால் வாயைப் புண்ணாக்கும், கழுவினால் போய்விடும்.

கே: கம்பம் பன்னீர் திராட்சையை விதையோடு அரைக்கலாமா?
– வாசகி, அலங்காநல்லூர்

ப: அரைத்தால் துவர்க்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், அதை இப்படி வீணாக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, ஓடுகிற தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அடி கனமான பாத்திரத்தில் கை அளவு தண்ணீர் விட்டு, சிறு தீயில் தோல் வெடிக்கும் வரை வைத்து இறக்குங்கள். ஆறியதும் கையால் பிசைந்து, கொய்யாவுக்குச் சொன்ன அதே பெரிய கண் சல்லடையில் தேய்த்தால் விதை நின்று, சதையும் தோலின் நிறமும் இறங்கும். சல்லடையில் ஒட்டியிருக்கும் தோலையும் விதை நீக்கிப் பொடியாக நறுக்கி உள்ளே போட்டுவிடுங்கள். குடிக்கும்போது பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்கலாம். ஐஸ் வேண்டுமானால் காய்ச்சி ஆறிய தண்ணீரை வீட்டிலேயே உறைய வையுங்கள், தெருமுனையில் கட்டியாக வாங்காதீர்கள்.