யாகூப் நபியும் அழுதார்கள்

கேள்வி: அத்தா மவுத்தாகி (தந்தை இறந்து) ஒன்பது மாதமாகிறது. உறக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது. மனநல ஆலோசகரைப் பார்க்கிறேன் என்றால், "ஐந்து வேளையும் ஒழுங்காகத் தொழு" என்கிறார் மாமியார். என் ஈமானில்தான் (இறைநம்பிக்கையில்தான்) குறையா?
– வாசகி, சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: இல்லவே இல்லை, சகோதரி. மகன் யூசுபைப் பிரிந்த துக்கத்தில் யாகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் சொல்கிறது. அவர்களுக்கா ஈமான் குறைவு?

முதல் பிரசவத்துக்குப் பின் நானும் இப்படித்தான் கிடந்தேன். முதலில் பார்த்த ஆலோசகர் என் புர்காவைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்தவரோ, "நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?" என்று தொடங்கினார். அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. ஒருவர் ஒத்துவராவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள். பெண் ஆலோசகர் வேண்டும், தமிழில் பேச வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வெளியே போக முடியாத நாளில் 14416-ஐ அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

தொழுகையை விட வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். என் மாமியாரும் முதலில் முகம் சுளித்தார். மூன்றாம் முறை அவரே துணைக்கு வந்து, கதவுக்கு வெளியே தஸ்பீஹ் மணியுடன் காத்திருந்தார்.